21 டாலர் 33 சென்ட்

2007-ஆம் வருஷம், நாக்பூர். ப்ரொபேஷன் முடிந்து ஆபீசராக கன்ஃபர்ம் ஆகியிருந்த புதிது. மூன்று பிரம்மச்சாரிகள் ஒரே வீட்டில் குடியிருந்தோம். மூன்று பேரும் தமிழ்நாடு, மூன்று பேருக்கும் வெவ்வேறு வங்கி. சனிக்கிழமை அரை நாள் முடிந்து (அப்போதெல்லாம் எல்லாச் சனிக்கிழமையும் அரை நாள் வேலை உண்டு) திரும்பும்போது தெருமுனைக் கடையில் வாடகைக்கு டிவிடி எடுத்து வருவது வழக்கம். அப்படி ஒரு சனிக்கிழமை வந்த படம் 'தி பர்சூட் ஆஃப் ஹேப்பினஸ்'. வில் ஸ்மித் நடித்தது.

கதை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். 1981, சான் ஃபிரான்சிஸ்கோ. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் மெஷினை டாக்டர்களிடம் தலையில் கட்ட அலையும் ஒரு சேல்ஸ்மேன். மனைவி போய்விடுகிறாள், கையில் ஐந்து வயதுப் பையன். பங்குத் தரகு கம்பெனியில் சம்பளம் இல்லாத பயிற்சியில் சேர்கிறார். கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைக்கும்போது அரசாங்கம் வரி பாக்கிக்காக அவருடைய வங்கிக் கணக்கில் கை வைத்து இருந்ததை எடுத்துக் கொள்கிறது. மிச்சம் 21 டாலர் 33 சென்ட்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் "கார்னிஷி!" என்று கத்தினோம். படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும், வங்கிக்காரர்களின் ரசனை அந்த லட்சணத்தில்தான் இருக்கும். ஹீரோ நடுத்தெருவுக்கு வருகிறான், நாங்கள் எந்தச் செக்‌ஷன் என்று யோசித்துக் கொண்டிருந்தோம்.

ஆனால் ஒரு விஷயம் அன்றே மனதில் தங்கிவிட்டது. அந்த இடத்தில் வில் ஸ்மித்தின் முகம். அழுகை இல்லை, கோபமும் இல்லை. கணக்கில் பணம் இல்லை என்று கவுன்ட்டரில் கேட்கிறவர்களின் முகத்தை நான் தினமும் பார்க்கிறவன். முதலில் காதில் விழாத மாதிரி இருப்பார்கள். அப்புறம் அந்தத் தொகையை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்ப்பார்கள். இந்த ஆசாமிக்கு இது எப்படித் தெரிந்தது, எந்த வங்கியில் போய் உட்கார்ந்து கவனித்தார் என்று நினைத்தேன்.

போய் உட்கார வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. அந்தக் கணக்கு வைத்திருந்தவரே அவர்தான். 2021-இல் வந்த 'வில்' என்ற அவருடைய சுயசரிதையைப் படித்த பிறகுதான் இதன் முழுக் கதையும் எனக்குப் பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். சினிமா விமர்சனம் எனக்கு வராது. பி.காம் படித்தவன், வரவு செலவு வழியாகத்தான் சொல்ல வரும்.

வில் ஸ்மித் பிறந்தது 1968 செப்டம்பர் 25, மேற்கு பிலடெல்ஃபியாவில். அப்பா விமானப் படையில் இருந்துவிட்டு வந்து ஃப்ரிட்ஜ், குளிர்சாதனம் பழுது பார்க்கும் தொழில் நடத்தியவர். அம்மா பள்ளி வாரியத்தில் வேலை. நடுத்தரக் குடும்பம். சேரியில் பசியோடு வளர்ந்து பாட வந்தவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் வேண்டாம் என்று உதறியவர் என்று ஒரு ஃபார்வர்டு மெயில் பல வருஷம் சுற்றியது. அதையும் நம்ப வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தார், கிடைத்திருக்கலாம், ஆனால் எனக்குக் கல்லூரிக்குப் போகும் எண்ணமே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அப்பாவைப் பற்றி இரண்டு சங்கதிகள். ஒன்று அவர் எல்லாப் பேட்டியிலும் சொல்வது. கடை முன்னால் இருந்த ஒரு செங்கல் சுவரை இடித்துப் போட்டு, வில்லையும் தம்பியையும் திரும்பக் கட்டச் சொன்னார் அப்பா. சின்னப் பையன்கள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கலவை குழைத்துச் செங்கல் வைத்து, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இன்னொன்று சுயசரிதையில்தான் விரிவாக எழுதினார். ஒன்பது வயதில் தன் கண் முன்னாலேயே அப்பா அம்மாவை அடித்துக் கீழே தள்ளியதைப் பார்த்துக் கொண்டு நின்றிருக்கிறார், ஒன்றும் செய்யாமல். அன்றிலிருந்து தன்னைக் கோழை என்றே நினைத்துக் கொண்டு, வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்துக் கொண்டே இருந்தால் அடி விழாது என்று பழகிக் கொண்டாராம். பிற்காலத்தில் உலகம் முழுக்கப் பார்த்த அந்தச் சிரிப்பு அங்கேதான் தொடங்கியது. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ராப் எழுத ஆரம்பிக்கிறார். நோட்டுப் புத்தகம் நிறையக் கெட்ட வார்த்தை. பாட்டி அதைப் பார்த்துவிட்டு, திட்டவில்லை, கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். உண்மையில் புத்தி உள்ளவர்களுக்கு இந்த வார்த்தைகள் தேவைப்படாது என்ற அர்த்தத்தில். அதற்குப் பிறகு அவர் பாட்டில் கெட்ட வார்த்தை போடுவதை விட்டுவிட்டார். இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் 80-களின் கடைசியில் அமெரிக்காவில் ராப் என்றாலே போலீஸ், துப்பாக்கி என்று வெள்ளைக்காரப் பெற்றோர்கள் நடுங்கிக் கொண்டிருந்த நேரம். இந்தப் பையன் பள்ளிக்கூடத்துக்குப் போட அம்மா வாங்கித் தந்த சட்டை நன்றாக இல்லை என்று ராப் பாடினான். வீட்டுக்குள் வைத்துக் கேட்கலாம். டிவிக்காரர்கள் பிறகு அவரைத் தேடி வந்ததற்கு அந்தப் பாட்டியும் ஒரு காரணம்.

1985-இல் ஒரு வீட்டு விசேஷத்தில் ஜெஃப்ரி டவுன்ஸைச் சந்திக்கிறார். டி.ஜே. ஜாஸி ஜெஃப் என்ற பெயரில் பிலடெல்ஃபியாவில் அப்போதே பேர் வாங்கியிருந்தவர், இசைத்தட்டைச் சுரண்டி வித்தை காட்டுவதில் சூரர். ஜெஃப்புக்கு அன்று பாட ஆள் வரவில்லை, இவர் நின்றார். 'டி.ஜே. ஜாஸி ஜெஃப் அண்ட் த ஃப்ரெஷ் பிரின்ஸ்' ஜோடி அப்படிச் சேர்ந்தது. 1986-இல் முதல் பாட்டு ரேடியோவில் வந்தபோது ஸ்மித் ஓவர்புரூக் பள்ளியில் படிப்பை முடித்திருக்கவில்லை. 1988-இல் வந்த 'ஹீ ஈஸ் த டி.ஜே., ஐ ஆம் த ராப்பர்' இரட்டை ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அத்தோடு ரசிகர்கள் காசு கட்டி போன் பண்ணி இவர்கள் பதிவு செய்து வைத்த பேச்சைக் கேட்கும் ஒரு கட்டணத் தொலைபேசி எண். அதிலும் பணம் கொட்டியது.

1989 பிப்ரவரியில் கிராமி விருதுகளில் முதல் முறையாக ராப்புக்கு என்று ஒரு பரிசு வைத்தார்கள். கிடைத்தது இவர்களுக்கு. ஆனால் அந்தப் பரிசைக் கொடுப்பதை டிவியில் காட்டமாட்டோம் என்றுவிட்டார்கள். ஸ்மித், ஜெஃப், இன்னும் சில ராப் பாடகர்கள் சேர்ந்து விழாவைப் புறக்கணித்தார்கள். முதல் பரிசு வாங்கியவரே அரங்கில் இல்லை. வயது 20.

சரி, நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம்.

இருபது வயதில் கோடிக்கணக்கில் பணம் வந்தால் என்ன செய்வார்களோ அதை எல்லாம் செய்தார். கார், மோட்டார் சைக்கிள், வீடு, கழுத்தில் கையில் நகை, ஊர்ப் பையன்களை எல்லாம் கூட்டிக் கொண்டு போய்க் கடையையே வளைத்துத் துணி வாங்கித் தருவது. செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று. வரி கட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று அவர் சாக்குச் சொல்லவில்லை, கட்டவில்லை என்றே சொல்கிறார்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். சம்பளக்காரனுக்கு வரி பாக்கி வருவது கஷ்டம். நம் ஊரில் டி.டி.எஸ். மாதிரி அங்கேயும் முதலாளி பிடித்துக் கொண்டுதான் சம்பளம் தருவார். பாடகன், எழுத்தாளன், சொந்தத் தொழில்காரன் என்றால் முழுத் தொகையும் கைக்கு வந்துவிடும். வருஷத்துக்கு நாலு தவணையாக அவனே கணக்குப் போட்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். நாம் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று அட்வான்ஸ் டாக்ஸ் கட்டுகிற மாதிரி. கைக்கு வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு நம்முடையது இல்லை என்று தெரிவதற்கு யாராவது சொல்லித் தர வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்து நேராக மேடைக்குப் போன பையனுக்கு அதை யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது ஏறவில்லை. எங்கள் கிளைக்கு வரும் கல்யாண வீடியோக்காரர், கட்டிடக் காண்ட்ராக்டர் எல்லோரிடமும் நான் பார்க்கிற வியாதி இது. கணக்கில் இருக்கும் பேலன்ஸைத்தான் லாபம் என்று நினைப்பார்கள்.

1989 கடைசியில் வந்த மூன்றாவது ஆல்பம் முந்தையதில் பக்கத்தில் கூட வரவில்லை. வரவு நின்றது. அப்போதுதான் ஐ.ஆர்.எஸ். வந்தது. பாக்கி சுமார் 28 லட்சம் டாலர். அன்றைய 17 ரூபாய்க் கணக்கில் நாலே முக்கால் கோடி ரூபாய். கார், பைக், கையில் இருந்தது எல்லாம் போயிற்று. அப்படியும் அடையவில்லை. ஊரில் ஒரு சிநேகிதரிடம் (அவர் தொழில் என்ன என்று கேட்காமல் இருப்பது நல்லது) 10,000 டாலர் கைமாத்து வாங்கிக் கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிறார். அங்கே வேலை என்று ஒன்றும் இல்லை. ஆர்செனியோ ஹால் நடத்திய இரவு டாக் ஷோ நடக்கும் இடத்தில் போய் நில், யாராவது கண்ணில் படுவார்கள் என்று அப்போதைய காதலி சொன்னாராம். போய் நின்றார். வார்னர் பிரதர்ஸ் இசைக் கம்பெனியில் அதிகாரியாக இருந்த பென்னி மெடினா கண்ணில் பட்டார்.

மெடினா தாயில்லாமல் அங்கே இங்கே வளர்ந்து, கடைசியில் பெவர்லி ஹில்ஸில் ஒரு வசதியான குடும்பத்தோடு ஒட்டிக் கொண்டு ஆளானவர். தன் கதையை டிவி தொடராக எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதைத் தயாரிக்க அவர் பிடித்தது க்வின்சி ஜோன்ஸை. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தைத் தயாரித்த அதே ஜோன்ஸ் (2024-இல் காலமானார்).

1990 மார்ச், ஜோன்ஸ் வீட்டில் பிறந்தநாள் விருந்து. ஸ்மித்தும் அழைக்கப்பட்டிருக்கிறார். வந்தவரை நிற்க வைத்து, கைவிடப்பட்ட வேறொரு நிகழ்ச்சியின் ஸ்கிரிப்டைக் கையில் கொடுத்து, பத்து நிமிஷம் படித்துக் கொள், நடித்துக் காட்டு என்கிறார் ஜோன்ஸ். ஹாலில் சோபாக்களை எல்லாம் நகர்த்துகிறார்கள். எனக்கு ஒரு வாரம் டைம் வேண்டும், நடிப்பு வகுப்பில் சேர்ந்துவிட்டு வருகிறேன் என்று ஸ்மித் கெஞ்சிப் பார்க்கிறார். நடிப்பு என்று அதுவரை அவர் ஒன்றும் செய்ததில்லை. ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது, இந்தப் பத்து நிமிஷம்தான் என்கிறார் ஜோன்ஸ். செய்து காட்டினார், கூட்டம் கைதட்டியது. விருந்துக்கு வந்திருந்த என்.பி.சி.யின் தலைவர் ப்ராண்டன் டார்டிகாஃபிடம் ஜோன்ஸ் திரும்பி, பிடித்திருக்கிறதா இல்லையா, இப்போதே சொல் என்று பிடித்துக் கொண்டார். வெளியே நின்ற காரில் வக்கீல்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்களாம்.

இதை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் ஒரு தயக்கம். என் மேஜைக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருந்தால்? வயது 21, நிலையான வருமானம் இல்லை, வரித்துறையிடம் பெரிய பாக்கி, அடமானம் வைக்கச் சொத்து இல்லை, கேட்கிற தொழிலில் ஒரு நாள் அனுபவம் இல்லை. ப்ராசஸிங் ஷீட்டை முழுசாக நிரப்பக்கூட மாட்டேன். 'நாட் ரெக்கமண்டட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

'த ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்' 1990 செப்டம்பர் 10 அன்று ஒளிபரப்பாக ஆரம்பித்தது. மேற்கு பிலடெல்ஃபியா பையன் ஒருவனைப் பணக்கார மாமா வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான் கதை. டைட்டில் பாட்டே அவர் பாடிய ராப். ஜாஸி ஜெஃப்புக்கும் ஒரு வேடம், மாமா அவரைத் தூக்கி வாசலுக்கு வெளியே எறிவதுதான் வாராவாரம் நகைச்சுவை. பாத்திரத்தின் பெயரும் வில் ஸ்மித். கூட நடித்த அல்ஃபோன்சோ ரிபெய்ரோ சொன்ன யோசனையாம் அது. ஜனங்கள் ஆயுசுக்கும் அந்தப் பெயரில்தான் உன்னைக் கூப்பிடுவார்கள், உன் பெயரையே வைத்துக் கொள் என்று.

நாடே பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்த அந்த முதல் மூன்று சீசன்களிலும் அவர் சம்பளத்தில் சுமார் 70 சதவீதம் நேரே வரித்துறைக்குப் போய்க் கொண்டிருந்தது. அதாவது வேலைக்கு வந்த நடிகர் என்பதை விட, தவணை கட்டிக் கொண்டிருந்த கடன்காரர். எங்கள் பாஷையில் ரீ-ஷெட்யூல் செய்யப்பட்ட கணக்கு. அசையாமல் அடைந்துவிட்டது.

நடிக்கத் தெரியாது என்ற பயம் வேறு. அதனால் தன் வசனத்தோடு மற்றவர்கள் வசனத்தையும் சேர்த்து ஸ்கிரிப்ட் முழுவதையும் மனப்பாடம் செய்துவிடுவார். பழைய எபிசோடுகளை இணையத்தில் தேடிப் பாருங்கள். அடுத்தவர் பேசும்போது இவர் உதடு சத்தமில்லாமல் அசைவது தெரியும். அக்கா முறை நடிகை கேரின் பார்சன்ஸ் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம். இதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்பூர் கவுன்ட்டரில் முதல் ஆறு மாசம் நானும் அப்படித்தான். வாடிக்கையாளர் என்ன கேட்பார், நான் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டையும் தமிழ் எழுத்தில் ஹிந்தியில் எழுதி மனப்பாடம் பண்ணிக் கொண்டு போவேன். எதிரே இருப்பவர் பேசும்போது என் வாய் கூடவே அசைகிறது என்று தலைமைக் கேஷியர்தான் கண்டுபிடித்தார். பயந்தவனுக்குத்தான் அடுத்தவன் வசனமும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பயத்தைப் போக்கியவர் மாமாவாக நடித்த ஜேம்ஸ் அவெரி. முறையாக நாடகம் படித்து மேடையில் இருந்து வந்தவர். கலையை விளையாட்டாக எடுத்துக் கொள்கிறாய் என்று இந்தப் பையனைப் பிடித்துக் கொண்டே இருப்பாராம். 1994 மே மாதம் வந்த ஒரு எபிசோடில், பல வருஷம் முன்னால் விட்டுவிட்டுப் போன அப்பா (பென் வெரீன்) திரும்ப வந்து, கூட்டிக் கொண்டு போகிறேன் என்று ஆசை காட்டிவிட்டு மறுபடி போய்விடுவார். வில் முதலில் எனக்கென்ன போச்சு என்று வீறாப்பாகப் பேசுவான், பேசப் பேச உடைந்து போவான். மாமா இழுத்துக் கட்டிக் கொள்வார். அப்படிக் கட்டிக் கொண்டபோது அவெரி அவர் காதில், இதுதான் நடிப்பு என்று கிசுகிசுத்திருக்கிறார். கேமராவில் கேட்காது. ஸ்மித் பிறகு சொல்லித்தான் தெரியும்.

(அவருடைய நிஜ அப்பா விட்டுவிட்டுப் போனதால் வசனத்தை மறந்து நிஜமாகவே அழுதார் என்று இந்தக் காட்சிக்கும் ஒரு ஃபார்வர்டு கதை உண்டு. பொய். பெற்றோர் பிரிந்தார்கள், ஆனால் அப்பா அவர் வாழ்க்கையில் கடைசி வரை இருந்தார். இருந்ததில்தான் சிக்கல் எல்லாம்.)

தொடர் 148 எபிசோடு ஓடி 1996 மே மாதம் முடிந்தது. அதற்குள் சினிமா ஆரம்பித்துவிட்டது. 1993-இல் 'சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் செபரேஷன்'. பெரிய நடிகரின் மகன் என்று சொல்லிக் கொண்டு பணக்காரர் வீட்டுக்குள் நுழையும் ஏமாற்றுக்காரன் வேடம். அந்தப் படத்தில் இன்னொரு ஆண் நடிகரை முத்தமிட வேண்டிய இடத்தில் செய்யமாட்டேன் என்று மறுத்துவிட்டார். ரசிகர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை. அது என் முதிர்ச்சியின்மை என்று பிறகு வருத்தப்பட்டிருக்கிறார். 1995-இல் 'பேட் பாய்ஸ்', செலவு ஏறக்குறைய 2 கோடி டாலர், வசூல் 14 கோடி.

பெரிய நட்சத்திரம் ஆக வேண்டும் என்று முடிவெடுத்ததும், பிலடெல்ஃபியா நண்பரும் மேனேஜருமான ஜேம்ஸ் லாசிடரோடு உட்கார்ந்து, அதுவரை உலகத்தில் அதிகம் வசூலித்த பத்துப் படங்களைப் பட்டியல் போட்டார். பத்துக்குப் பத்தில் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ். ஒன்பதில் விசித்திர ஜந்துக்கள். எட்டில் கூடவே காதல். சரி, வேற்றுக்கிரகவாசி படமாகத் தேடு என்று முடிவு. 1996-இல் 'இண்டிபெண்டன்ஸ் டே', வசூல் 81 கோடி டாலர். 1997-இல் 'மென் இன் பிளாக்', 58 கோடி. கலையைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு இது அபசாரமாகத் தெரியலாம். எனக்கு மனுஷன் மேல் மரியாதை கூடியது. ஏழு வருஷம் முன்னால் வரவும் செலவும் தெரியாமல் வீட்டை இழந்தவன், இப்போது பேலன்ஸ் ஷீட் படித்துவிட்டுக் கதை தேர்ந்தெடுக்கிறான்.

ராப்பையும் விடவில்லை. 'மென் இன் பிளாக்' டைட்டில் பாட்டு அவர் பாடியது, அதற்கு ஒரு கிராமி. அதே 1997-இல் வந்த 'பிக் வில்லி ஸ்டைல்' ஆல்பம் முன்பு விற்றதை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. படம் பாட்டை விற்கும், பாட்டு படத்தை விற்கும். டெபாசிட் போட வந்தவர் தலையில் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கட்டச் சொல்லி எங்களை உட்கார வைத்து வகுப்பு எடுப்பார்களே, க்ராஸ் செல்லிங், அது இதுதான். என்ன, அவர் செய்ததை ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள் :)

அதற்கு அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'மேட்ரிக்ஸ்' கதை புரியவில்லை என்று விட்டுவிட்டு 1999-இல் 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்' செய்து மூக்குடைபட்டார். 2001-இல் முகமது அலியாக நடித்து முதல் ஆஸ்கர் பரிந்துரை. 2002 முதல் 2008 வரை வரிசையாக எட்டுப் படங்கள், ஒவ்வொன்றும் அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல். வேறு எந்த நடிகரும் அப்படி எட்டு அடித்தது கிடையாது. படித்த பள்ளியின் பெயரிலேயே ஓவர்புரூக் என்று கம்பெனி. மகனோடு நடித்த 'ஆஃப்டர் எர்த்' 2013-இல் விழுந்தது.

2022 மார்ச் 27 ஆஸ்கர் மேடையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கிறிஸ் ராக் மனைவியின் மொட்டைத் தலையைப் பற்றி ஜோக் அடித்தார், இவர் எழுந்து போய் அறைந்தார். முக்கால் மணி நேரம் கழித்து அதே மேடையில் 'கிங் ரிச்சர்ட்' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது. வீனஸ், செரீனா வில்லியம்ஸின் அப்பா வேடம். அகாடமியில் இருந்து அவரே விலகினார், பத்து வருஷத்துக்கு விழாவுக்கு வரக் கூடாது என்றார்கள். முதல் கிராமிக்கு அவராகப் போகவில்லை, முதல் ஆஸ்கருக்குப் பிறகு அவர்கள் வர விடவில்லை. அறைந்தது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த ஒன்பது வயதுப் பையன் பக்கத்தைப் படித்திருந்ததால், அன்று டிவியில் ஊரே பேசிய மாதிரி என்னால் பேச முடியவில்லை. 2024-இல் நாலாவது 'பேட் பாய்ஸ்' 40 கோடி டாலர் வசூலித்தது. 2025 மார்ச்சில் இருபது வருஷம் கழித்து ஒரு ராப் ஆல்பமும் போட்டார். அதைப் பெரிதாக யாரும் கண்டு கொள்ளவில்லை. நான் கேட்டேன். மூன்றாவது பாட்டில் மனைவி வந்து, "ஏங்க, இந்த வயசுல என்னங்க இது" என்று நிறுத்திவிட்டாள். அவரைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

அந்த 21 டாலர் 33 சென்டுக்குத் திரும்ப வருகிறேன். அந்தப் படத்தைப் பார்த்து நாங்கள் கத்திச் சிரித்து நாலு மாசம் இருக்கும். வருமான வரிச் சட்டம் 226(3)-இன் கீழ் ஒரு நோட்டீஸ் எங்கள் கிளைக்கு வந்தது. இன்ன பெயரில் உள்ள கணக்கில் இருப்பதை எடுத்து எங்களுக்கு அனுப்பு என்று வரித்துறை வங்கிக்குச் சொல்வது. நாங்கள் அனுப்பாவிட்டால் வங்கியையே பாக்கிதாரராக வைத்துவிடலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. ஆகவே யோசிக்க ஒன்றும் இல்லை. டெஸ்கில் இருந்தது நான். கணக்கில் பதினோராயிரத்துச் சொச்சம் இருந்தது. டெபிட் போட்டு டி.டி. எடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்தப் பையன் வந்தான். இருபத்தி மூன்று, இருபத்தி நாலு வயது இருக்கும். கல்யாண ஊர்வலங்களில் சவுண்டு சிஸ்டம் போட்டு மைக் பிடித்துப் பாடுகிறவன். ஏதோ ஒரு பெரிய கம்பெனி விழாவில் மொத்தமாகப் பணம் வாங்கி, ரிட்டர்ன் போடாமல் விட்டு, வந்த கடிதங்களையும் பிரிக்காமல் வைத்திருந்திருக்கிறான். நான் ஸ்டேட்மென்டைக் காட்டினேன். முதலில் கேட்காத மாதிரி நின்றான். பிறகு மிச்சத் தொகையை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். சத்தம் எல்லாம் போடவில்லை. "சாப், ஐநூறு ரூபாய் மட்டும் விட்டிருக்கக் கூடாதா, ஜெனரேட்டருக்கு டீசல் போடணும், ராத்திரி ஒரு புக்கிங் இருக்கு" என்றான்.

விதியைச் சொன்னேன். என் விதி சரியானதுதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஐநூறு ரூபாய் என் சட்டைப் பையிலும் இருந்தது. அதை எடுக்கலாமா என்று நான் யோசித்துக் கொண்டிருக்கும்போதே பின்னால் இருந்தவர் செக்கை நீட்டினார், நான் வாங்கி டோக்கன் போட்டேன். நிமிர்ந்தபோது பையன் இல்லை.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. சார்ஜ் கொடுக்கிற அன்று மாலை, வேறு எதையோ தேடுகிறவன் மாதிரி அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன். அன்றைய டெபிட்டுக்குப் பிறகு அவன் ஒரு ரூபாய் கூடப் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பழைய பேலன்ஸுக்காக அரையாண்டு வட்டி மட்டும் வரவாகியிருந்தது, நூற்றுச் சில்லறை.